தட்டோடு பதிக்குமுன் தளத்தைச் செம்மை செய்தல்

ஊராட்சிக் கட்டடமாயினும், பள்ளிக்கூடமாயினும், விவசாயியின் சொந்த மாடி வீடாயினும், அதன் ஆயுள் மேல்தளத்தைப் பொறுத்ததாகும். தளத்தில் தேங்கும் மழைநீர் மெல்லக் கசிந்து, கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பிகளை அடைகிறது. துருவேறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். நாளடைவில் காரை பெயர்ந்து, கீழே அமர்ந்திருப்போர்மீது விழவும் கூடும். இதனைத் தடுக்கவே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரையிட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்கிறோம். அடித்தளம் செம்மையாக இல்லாவிடில், எத்துணை உயர்ந்த ஓடு பதித்தும் பயனில்லை.

துப்புரவும் சோதனையும்: முதலில் தளத்திலுள்ள மண், பாசி, உதிர்ந்த காரை ஆகியவற்றைச் சுரண்டிக் கழுவுதல் வேண்டும். வெடிப்புகளைச் சற்றே அகலப்படுத்தி, நனைத்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல் சேர்த்த கலவையால் அடைத்தல் வேண்டும். கலவை இறுகியபின், நீர்ப்போக்கிகளை அடைத்து, ஓர் அங்குல உயரத்திற்குத் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் நிறுத்திக் கீழ்ப்புறத்தைப் பார்வையிடுக. ஈரம் தென்பட்டால் அவ்விடத்தைச் சீர்செய்த பின்னரே மேற்கொண்டு வேலை நடைபெறல் வேண்டும்.

நீர் வாட்டம்: 60 அடிக்கு ஓரடி வீதம் வாட்டம் அமைவது நன்று. அதாவது, 10 அடி நீளத்திற்கு 2 அங்குலம். நீர்ப்போக்கியின் அருகே காரை 2 அங்குலமும், 10 அடிக்கு அப்பால் 4 அங்குலமும் இருந்தால் சராசரி கனம் 3 அங்குலமாகும். கொத்தனார் நூல் கட்டி, ரசமட்டத்தால் சரிபார்த்தபின் காரையிடுவாராக.

சுண்ணாம்புக் காரை: நன்கு வெந்த செங்கல்லின் ஜல்லி 32 பங்குக்கு, நீற்றிச் சலித்த சுண்ணாம்பு 12½ பங்கு சேர்ப்பது நம் மாநில வழக்கம். இதில் மணல் சேர்ப்பதில்லை. ஜல்லியை முன்னரே நீரில் ஊறவைத்தல் அவசியம். உலர்ந்த ஜல்லி சுண்ணாம்பிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். பரப்பிய காரையை மரக்கட்டைகளால் பல நாட்கள் அடித்து இறுகச் செய்தல் வேண்டும். அப்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது நம் முன்னோர் கண்ட முறை. பின்னர் பத்து நாட்களேனும் ஈரம் காயாமல் காத்தல் வேண்டும்.

ஓரங்கள்: பெரும்பாலான கசிவுகள் கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலையில்தான் தொடங்குகின்றன. ஆகவே அம்மூலையைக் கூராக விடாது, வளைவாகப் பூசி, சுவர்மேல் சிறிது ஏற்றி முடித்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தட்டோடு பதித்த பின்னர் அடியில் நடந்த வேலையை எவராலும் காண இயலாது. எனவே நீர்ச்சோதனையின்போதும், காரை அடிக்கும்போதும் நேரிற் சென்று பாருங்கள். நூலின் வாட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள். ஊர்ப் பொதுப் பணத்தால் எழும் கட்டடம் நம் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டுமன்றோ?