ஷிப்டு மாறும் வேளை

ஆலைத் தொழிலாளரிடையே சண்டை மூளுவது பெரும்பாலும் ஷிப்டு மாறும் பத்து நிமிஷத்தில்தான் என்பதை அங்கு உழைத்தோர் அறிவர். நூற்பு இயந்திரத்தை விட்டுச் செல்பவர் அறுந்த இழைகளைச் சேர்க்காமலும் பஞ்சுத் தூசைத் துடைக்காமலும் போய்விடுவார். பின் வருபவர் முதல் அரைமணியை அக்குறை தீர்ப்பதிலேயே போக்குவார். நூல் குறைந்தால் மேஸ்திரியின் வசை இவருக்கே.

ஒருமுறை நாம் இவ்வாறு சினந்து, விட்டுச் சென்ற தோழரிடம் யாதும் கேளாமல், உடன் நின்ற நால்வரிடம் அவரைத் தூற்றினோம். மறுநாள் அந்நால்வரும் அவரோடு பேசவில்லை. அவர் நண்பர்கள் நம்மோடு பேசவில்லை. அன்றிரவு அவருக்குக் கடுங்காய்ச்சல் என்பதை மூன்று வாரம் கழித்தே அறிந்தோம்.

தம்மபத உரை கூறும் கோசாம்பிக் கலகமும் இத்தகையதே. தம்மம் போதிக்கும் பிக்கு ஒருவர் கழிப்பிடத்துப் பாத்திரத்தில் மிச்ச நீரைக் கொட்டாது வைத்துவிட்டார். விநயம் கற்ற பிக்கு அது குற்றம் என்றார். முன்னவரும் அதனை ஏற்க இசைந்தார். அறியாது செய்ததாயின் குற்றமில்லை என்று கூறிய விநயதரர், பின்னர்த் தம் மாணாக்கரிடம் அவரைக் குற்றவாளி என்றார். மாணாக்கர் வழியே சங்கம் இரண்டுபட்டது. பகவன் பலமுறை கூறியும் கேளாராக, அவர் தனித்து வனம் சென்றார். நீர் அற்பம், உரியவரிடம் முடிந்த பேச்சை வேறிடம் கொண்டுபோனதே கேடு.

தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து, அவ்வறிவால் நடக்கும் திறனை 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலார் உணர்ச்சி நுண்ணறிவு என்றனர். பெயர் புதிது. சினமுற்ற சித்தத்தைச் சினமுற்றதென அறியும் பயிற்சியோ நம் உபாசகர்களுக்குப் பழக்கமானது. தாடை இறுகுகிறது, குரல் எழுகிறது என்று முதலில் காண வேண்டும். பின்னர் உரியவரைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். இயந்திர ஓசையினிடையே உரக்கக் கேட்டால் வினாவும் வசையாகவே ஒலிக்கும். ஆதலின் வாசலுக்கு அழைத்தல் நலம்.

எல்லாவற்றையும் விழுங்குக என்று நாம் கூறவில்லை. ஆள் குறைவால் வேலை மிஞ்சினால் இருவரும் சேர்ந்தே நிர்வாகத்திடம் செல்க. சாதி கூறி இழிப்பவனிடம் பொறுமை காட்டுவது இதில் அடங்காது. அதற்குத் தொழிற்சங்கமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உள்ளன.

அத்தோழரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அதன்பின் ஷிப்டு மாறுகையில் இருவரும் இயந்திரத்தை ஒருமுறை சுற்றி வருவோம். எந்தப் பக்கத்தில் இழை மிகுதியாக அறுகிறதென்று அவர் காட்டுவார். இரண்டு நிமிஷமே ஆகும்.