யாலா யானைகள் ஓடவில்லை

டிசம்பர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி சுற்றத் தொடங்கிவிடுகிறது. 2004 சுனாமி வருவதற்கு முன்பே இலங்கையின் யாலா காட்டு யானைகள் மேட்டுநிலத்துக்கு ஓடித் தப்பித்துவிட்டனவாம். ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள், பேச்சாளர்கள் மேடையில் சொல்கிறார்கள். இப்போது அதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது: யானைக்குச் சென்சார் கட்டிச் செயற்கை நுண்ணறிவிடம் விட்டால் நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லிவிடுமாம். விலங்குகளின் உடலில் கட்டிய கருவிகள் தரும் தரவுகளோடு வேலை செய்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

யாலாவில் அன்று என்ன நடந்தது என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டு யானைகளின் கழுத்தில் செயற்கைக்கோள் காலர் இருந்தது. பிரித்திவிராஜ் பெர்னாண்டோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்து, 2006-இல் ‘பயோட்ரோபிகா’ இதழில் எழுதினார்கள். அலைக்குப் பயந்து ஓடியதாகச் சொல்லும்படியான நடமாட்டம் எதுவும் அவற்றில் இல்லை. இரண்டே யானைகள்தானே என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் எதிர்த்தரப்பில் அளந்த யானை ஒன்றுகூடக் கிடையாது. சுனாமிக்குப் பிறகு சொல்லப்பட்ட கதைகள்தான் இருக்கின்றன.

சுமத்ராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்துத்தான் அலை இலங்கைக் கரையைத் தொட்டது. நில அதிர்வோ சில நிமிடங்களில் வந்துவிடும். யானை காலால் அதிர்வை உணரக்கூடியது என்பதும் உண்மைதான். ஆனால், நடந்துவிட்ட அதிர்வை உணர்வது வேறு, நடக்கப்போவதை அறிவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

விலங்குகள் நிலநடுக்கத்தை முன்னறிந்ததாகச் சொல்லும் 729 தகவல்களை ஹைகோ வோய்த்தும் அவருடைய சகாக்களும் ஜெர்மனியில் திரட்டி, 2018-இல் ஆராய்ந்தார்கள். 160 நிலநடுக்கங்களைப் பற்றியவை அவை. பெரும்பாலானவை நிலநடுக்கத்துக்குப் பிறகு நினைவிலிருந்து சொன்னவை. காலவரிசையாகத் தொடர்ந்து பதிந்தவை 14 மட்டுமே; அவற்றில் மிக நீளமானதே ஓராண்டுதான். நாய் தினமும் ஊளையிடுகிறது. நிலம் நடுங்காத நாளின் ஊளையை யார் குறித்துவைக்கிறார்கள்? குறித்துவைக்காத நாள்களை எந்த நிரலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இத்தாலிய ஆய்வு ஒன்றை உடனே நீட்டுவார்கள். மார்ட்டின் விகெல்ஸ்கியின் குழு 2016–17-இல் ஒரு பண்ணையின் ஆறு மாடுகள், ஐந்து செம்மறி ஆடுகள், இரண்டு நாய்களுக்கு அசைவுமானி கட்டியது. அவை தொழுவத்தில் இருந்தபோது, நடுக்கத்துக்குச் சில மணி நேரம் முன்பே அசைவு கூடியதாக 2020-இல் வெளியிட்டது. அந்தக் குழுவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரே பண்ணை, பதின்மூன்று விலங்குகள், அடிக்கடி நிலம் அதிர்ந்துகொண்டிருந்த காலம். இதை வைத்துக்கொண்டு ஊருக்கு எச்சரிக்கை மணி அடிக்க முடியாது. கடலோர ஊர்க் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, “சைரன் எதற்கு? நாய்களே சொல்லிவிடும்” என்றார். இந்த வதந்தியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். உயிரைக் காப்பது நாயல்ல, மக்களுக்குத் தெரிந்திருக்கும் எச்சரிக்கை. சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவில் 2004 சுனாமியன்று ஏழு பேர்தான் இறந்தார்கள். நிலம் ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்று 1907 அலைக்குப் பிறகு தாத்தா பாட்டிகள் சொல்லிவந்தது அவர்களைக் காத்தது.

காலரையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். காலர் போட்டால் யானையை நேரலையில் பார்க்கலாம் என்பது பொய். பேட்டரி தீராமல் இருக்க, குறித்த இடைவெளியில் மட்டுமே அது இருப்பிடத்தை அனுப்பும். அது வேலியும் அல்ல. காலரோடுதான் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை 2023 மே மாதம் கம்பம் நகருக்குள் வந்தது. காலரின் எடை யானையை வதைக்கும் என்பார்கள். பத்துக் கிலோ சொச்சம், நான்கு டன் உடம்புக்கு ஒன்றுமில்லை. பறவைக்குத்தான் ஒவ்வொரு கிராமும் கணக்கு. இயந்திரம் தானாகவே கற்றுக்கொள்ளும் என்பதும் தவறு. இந்த அசைவு மேய்ச்சல், இது நடை, இது உறக்கம் என்று யாராவது வீடியோவைப் பார்த்துப் பொழுதெல்லாம் பெயரிட்டுக் கொடுத்தால்தான் அதற்குப் புரியும். ஒரு மந்தையில் கற்றது அடுத்த மந்தையில் தடுமாறும். கற்றுக்கொண்ட அதே விலங்குகளிடமே சோதித்துவிட்டுத் துல்லியம் என்று பெருமையடிக்கும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

இந்தக் கருவிகள் உயிர் காக்கும் இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவையை அடுத்த மதுக்கரையில் ரயில் மோதி யானைகள் செத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அங்கே தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரங்கள் அமைத்து, வெப்பக் கேமராக்களைப் பொருத்தினார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் நிரல் அதை அடையாளம் கண்டு வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் சொல்கிறது. யானை அங்கே எதையும் முன்னறியத் தேவையில்லை, ரயில் வேகத்தைக் குறைத்தால் போதும். காட்டை அறுத்துச் செல்லும் மற்ற ரயில் பாதைகளிலும் இதை வையுங்கள் என்று உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் எழுதுங்கள்.