கைராசியும் ஷிஃபாவும்

சில மாதங்களுக்கு முன் ஓட்டப்பிடாரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், வாப்பாவுக்குக் காலில் புண் வந்து நாற்பது நாளாகிறது. பழைய டாக்டரிடமே கட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். தூத்துக்குடிக்குப் போவோம் என்றால், 'அவர் கைராசிக்காரர். உங்களையெல்லாம் பிழைக்க வைத்தவர். அவரை விட்டுப் போவது நன்றி கெட்ட செயல். நான் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துவிட்டேன்' என்கிறார்கள். இதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது?"

அன்று மாலையே பெரியவரைப் போய்ப் பார்த்தேன். உப்பளத்தில் உழைத்துத் தேய்ந்த கால். பல வருடச் சர்க்கரை நோய். "வலியே இல்லை ஹஜ்ரத்" என்று சிரித்தார்கள். அச்சப்பட வேண்டியதே அந்த வலியின்மைதான். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனால் புண் உள்ளே பரவுவது தெரியாது.

அன்புச் சகோதர சகோதரிகளே! கைராசி என்று நாம் சொல்வதைச் சற்றுச் சிந்தியுங்கள். ஷிஃபா அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. எந்த மருத்துவரின் கையிலும் இல்லை. ஆகவே ஒரு மருத்துவரை விட்டு நீங்குவது ஷிஃபாவை விட்டு நீங்குவதாகாது.

ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்களே நேரில் சென்று நலம் விசாரித்தார்கள். துஆவோடு நிறுத்திக்கொள்ளாமல், மருத்துவம் அறிந்த ஹாரித் இப்னு கலதாவிடம் செல்லுமாறும் பணித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது. காயமுற்ற ஒருவருக்காக இரு மருத்துவர்கள் அழைக்கப்பட்டபோது, உங்களில் மருத்துவம் நன்கு அறிந்தவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காண்கிறோம். திறமை மிக்கவரைத் தேடுவது தவக்குலுக்கு முரணன்று என்பது இவற்றால் விளங்குகிறது.

அப்படியானால் எப்போது மாற வேண்டும்?

ஒன்று: மருத்துவர் சொன்ன கெடு கடந்தும் குணம் காணாதபோது, அல்லது நோய் முற்றும்போது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையும் காட்டியாக வேண்டும்.

இரண்டு: என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டால் சினப்பட்டு, சோதியாமலே ஊசி போடும்போது. அறியாமைக்கு மருந்து கேட்பதே என்பது நபிமொழியின் கருத்து. கேட்பது மரியாதைக் குறைவாகாது.

மூன்று: தாம் கற்காத மருத்துவத்தை ஒருவர் செய்யும்போது. மருத்துவம் அறியப்படாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது ஹதீஸ். நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு ஒன்று நடந்தது. 1992இல் பம்பாயில், ஹோமியோபதி மட்டும் கற்ற ஒருவர் காய்ச்சல்காரர் ஒருவருக்கு ஆங்கில மருந்து கொடுத்தார்; நோயாளி பிழைக்கவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் அதைக் கவனக்குறைவு எனத் தீர்த்து, விதவைக்கு 3 இலட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது.

நான்கு: அவசரமில்லாத பெரிய அறுவைச் சிகிச்சை சொல்லப்படும்போது. இன்னொருவரிடம் கேட்டுத் தெளிவது நல்ல மஷூரா.

ஐந்து: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மருத்துவரே சொல்லும்போது. ஓர் இரவும் தாமதிக்கலாகாது. நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் விழுதல், பாம்புக்கடி ஆகியவற்றுக்கு யாரிடமும் யோசனை கேட்டு நிற்காமல் 108ஐ அழையுங்கள். இத்தகைய வேளையில் பெண் மருத்துவர் கிடைக்கும்வரை பெண்களைக் காக்க வைப்பதும் தவறு. நிர்ப்பந்தத்தில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

அதேசமயம், மூன்று நாளைக்கு ஒரு டாக்டர் என்று அலைவதும் கேடுதான். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். இடையில் இருமல் நின்றதென்று மருந்தை விட்டால், நோய் மருந்துக்கு அடங்காத வலுவோடு திரும்பக்கூடும்.

மாறுவதிலும் அதபு உண்டு. பழைய மருத்துவரிடம் சொல்லி விடைபெறுங்கள். சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து உட்பட இதுவரை உண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். முந்தியவரைப் பற்றிப் புறம் பேசாதீர்கள்; அவருக்காக துஆச் செய்யுங்கள். நன்றி என்பது இதுதான். காலை இழப்பது நன்றியாகாது.

பெரியவரிடமும் இவ்வளவே சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தவர்கள், "டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம்" என்று மகனின் தோளைப் பற்றி எழுந்தார்கள். மறுநாள் தூத்துக்குடியில் சேர்த்தார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். நாற்பது நாள் முந்திச் சென்றிருந்தால் அந்த விரலும் தப்பியிருக்கலாம் என்று மகன் இன்றும் வருந்துகிறார்.

உடல் நமக்கு அல்லாஹ் தந்த அமானிதம். உங்கள் வீட்டில் நாள்பட்ட புண்ணோ, நீங்காத இருமலோ உள்ளவர் இருக்கிறாரா என்று இன்றே பாருங்கள். நோயுற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.