கட்டிங் மெஷின் வாங்கப் போறியா கண்ணு?

செடி ஸ்டாண்டும் ஷூ ரேக்கும் செஞ்சு விக்கலாம்னு இறங்கிட்டே, வெல்டிங் மெஷினும் வந்தாச்சு. இரும்பு அறுக்க எதை வாங்கறதுன்னு போன்ல கேட்டியே, உனக்கும் உன்னை மாதிரி வீட்டோட பட்டறை போடற மத்த தங்கச்சிங்களுக்கும் சேர்த்தே எழுதிடறேன். ஹேக்சா பிளேடை இழுத்துக்கிட்டு இருந்தா நாலு ஸ்டாண்டுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். மெஷின் வாங்கு. விலை கம்மியானதையே வாங்கு, தப்பில்லை. மெஷின்ல ஆயிரம் ரூபாய் மிச்சம் பண்ணினா ரெண்டு வருஷம் முன்னாடியே ரிப்பேருக்கு வரும், அவ்வளவுதான். அறுக்கற வீல்லயும் வயர்லயும் கண்ணுக்குப் போடற கண்ணாடியிலயும் மிச்சம் பண்ணினா அடி உடம்புல விழும்.

கடையில ரெண்டு சாமான் காட்டுவாங்க. ஒண்ணு கையில பிடிக்கற 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், பட்டறைக்காரங்க ஏஜி ஃபோர்னு கேக்கறது. இன்னொண்ணு தரையில வெச்சு கைப்பிடியை அமுக்கி அறுக்கற 14 இஞ்ச் கட்டிங் மெஷின். முதல்ல சின்னதை வாங்கு. அறுக்கறது, வெல்டிங்கை நிரவறது, பிசிறு தட்டறது, துரு எடுக்கறது எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். ஒரே அளவுல பத்து இருபது துண்டு தினமும் அறுக்கற அளவுக்கு ஆர்டர் வரும்போது பெருசைப் பத்தி யோசி. பெருசு 15 கிலோவுக்கு மேல இருக்கும், மாடிக்குத் தூக்கிட்டு ஏற முடியாது. அது போடற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதையும் கணக்குல வெச்சுக்கோ.

சின்ன மெஷின்ல 700, 800 வாட்ஸ் தாராளம். டப்பாவுல 1,200 வாட்ஸ்னு அச்சடிச்சு, தூக்கிப் பார்த்தா பஞ்சு மாதிரி இருந்தா நம்பாதே. மோட்டார்ல செம்பு இருந்தா கையில கனம் தெரியும். வீல் போடாம ஓட்டிக் காட்டச் சொல்லு. நிறுத்தினதும் இழுத்தாப்பல மெதுவா நிக்கணும், கரகரன்னு பேரிங் சத்தம் வரக் கூடாது. வீலை மூடற கார்டு கெட்டித் தகடா, ஸ்க்ரூ போட்டு இறுக்கற மாதிரி இருக்கணும். அப்புறம் மோட்டார் உதிரி பாகத்தைப் பத்திக் கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு: "இதுக்கு ஆர்மேச்சரும் கார்பனும் உங்ககிட்டயே கிடைக்குமாண்ணா?" பதில் இழுத்தா அந்த மாடல் வேண்டாம். பேரே கேள்விப்படாத கம்பெனியா இருந்தாலும் சரி, உங்க ஊரு வைண்டிங் கடைக்காரர் "இதைக் கழட்டியிருக்கேன்"னு சொன்னா தைரியமா வாங்கு.

பெரிய மெஷின் வாங்கறப்போ மோட்டாரை விட இரும்பைத்தான் பாக்கணும். கரண்ட் கொடுக்காமலே மெஷினோட கையைக் கீழ இறக்கி, பக்கவாட்டுல ஆட்டிப் பாரு. கீல்ல ஆட்டம் இருந்தா வெட்டு சாய்ஞ்சுதான் விழும், என்ன பண்ணினாலும் சரி வராது. இரும்பைப் பிடிக்கற வைஸ் இறுகறப்போ அடித்தகடு வளையுதான்னு பாரு. கோணம் காட்டற ஸ்கேல் விலை கம்மி மெஷின்ல பெரும்பாலும் ஒப்புக்குத்தான், மூலைமட்டம் வெச்சு நீயே 90 டிகிரி செட் பண்ணிக்கணும். பண்ணினது சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஒரு ஸ்கொயர் டியூபை நடுவுல அறு. ரெண்டு துண்டையும் நேரான பட்டை ஒண்ணோட ஒட்டி வெச்சு, ஒண்ணை மட்டும் அப்படியே புரட்டிப் போட்டு, வெட்டின முகத்தோட முகம் சேத்து வை. சந்து தெரியலேன்னா மட்டம். தெரிஞ்சா, அந்தச் சந்துல பாதிதான் உண்மையான கோணல். அதுக்குத் தகுந்த மாதிரி வைஸோட பின் தாடையைத் திருப்பி இறுக்கு.

இப்போ வீல். இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க.

4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000, 12,000 சுத்து சுத்தும். பெரிய மெஷின் 4,000 சுத்துக்குள்ளதான் ஓடும். வீல் மேல அதிகபட்ச வேகம் எழுதியிருக்கும். மெஷின் வேகம் அதைத் தாண்டவே கூடாது. நல்ல வீல்ல நொடிக்கு 80 மீட்டர்னும் போட்டிருப்பாங்க. அது வீலோட விளிம்பு போகக்கூடிய உச்ச வேகம், கணக்குப் போட்டா மணிக்கு 288 கிலோமீட்டர். உடைஞ்சா துண்டு கிட்டத்தட்ட விளிம்பு சுத்தற வேகத்துலதான் பறக்கும். 7 இஞ்ச் வீல் 8,500 சுத்துக்குத்தான் செஞ்சது. ஆழமா வெட்டும்னு அதைச் சின்ன மெஷின்ல மாட்டறவங்களையும் பார்த்திருக்கேன், பக்கத்துல நிக்கவே பயமா இருக்கும். 5 இஞ்ச் வீலும் வேண்டாம். சின்ன மெஷின் வீலோட ஓட்டை 16 மில்லி, 5 இஞ்ச் வீலுக்கு 22 மில்லி சொச்சம். நடுவுல வாஷர் சொருகி, கார்டையும் கழட்டினாத்தான் அது உள்ளே போகும்.

மரம் அறுக்கற பல்லு பிளேடை கிரைண்டர்ல மாட்டவே மாட்டாதே. பல்லு மாட்டிக்கிச்சுன்னா மெஷின் கையை விட்டுத் துள்ளும், எந்தப் பக்கம் போகும்னு சொல்லவே முடியாது. இரும்பை அறுக்கற கார்பைட் பல்லு பிளேடுன்னு 14 இஞ்ச்ல வரும். அது நிமிஷத்துக்கு 1,300, 1,500 சுத்து ஓடற தனி மெஷினுக்கு. உன் மெஷினோட வேகத்துக்கு அது ஆகாது.

டியூபு, பட்டை, மெல்லிசு ஆங்கிள் அறுக்க 1 மில்லி வீல் வாங்கு. சீக்கிரம் வெட்டும், சூடும் பிசிறும் கம்மி. ஆனா அதோட பக்கவாட்டை வெச்சுத் தேய்க்கக் கூடாது. தேய்க்கறதுக்குன்னு தடியான கிரைண்டிங் வீல் தனியா இருக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதுக்குன்னு எழுதின வீலை வை. சாதா இரும்பை அறுத்த வீலையே அதுல போட்டா, வெட்டின இடத்துல பின்னாடி துரு பூக்கும். அலுமினியம் வேண்டாம், உருகி வீல் மேல அப்பிக்கும்.

நடுவுல இருக்கற தகட்டு வளையத்துல மாசம், வருஷம் அச்சடிச்சிருந்தா அது காலாவதி தேதி. வீல்ல இருக்கறது பிசின், செஞ்சு 3 வருஷம்தான் கணக்கு. ஈரம் பட்டா அதுக்கும் முன்னாடியே போயிடும். பாத்ரூம் பக்கத்துச் செல்ஃப்ல வைக்காதே. டப்பாவுல படுக்க வெச்சு, மேல கனம் ஏத்தாம வை. கீழ விழுந்த வீலை வெடிப்பு தெரியலேன்னாலும் உடைச்சுக் குப்பையில போடு, இல்லேன்னா யாராவது எடுத்து மாட்டிடுவாங்க. புது வீல் மாட்டினதும் ஒரு நிமிஷம் சும்மா ஓட விடு, நீ பக்கவாட்டுல தள்ளி நில்லு.

கரண்ட் சமாச்சாரம். பெரிய மெஷின் 2,000 வாட்ஸுக்கு மேல, 9, 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பறப்போ இன்னும் அதிகம். டிவி சொருகற பிளக்ல போடாதே, 16 ஆம்பியர் சாக்கெட் வேணும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 ஸ்கொயர் எம்எம். மெல்லிசு வயர்ல வோல்டேஜ் இறங்கும், மோட்டார் சூடாகும், நீ மெஷின் மட்டம்னு திட்டுவே. சுருள் வயரை முழுக்கப் பிரிச்சுப் போடு. போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கற சுவிட்சு) இல்லேன்னா, மெஷினுக்கு முன்னாடி அதை வாங்கு. முக்கியமா ஒண்ணு: நம்ம ஊருல கரண்ட் போயிட்டு வரும். விலை கம்மி கிரைண்டர்ல தள்ளி மாட்டற சுவிட்சு, போட்டது போட்டபடியே நிக்கும். கரண்ட் போச்சுன்னு மெஷினைக் கீழ வெச்சுட்டு டீ குடிக்கப் போவே, கரண்ட் வந்ததும் அது தானா சுத்த ஆரம்பிச்சு தரையில ஓடும். விளக்கு அணைஞ்ச உடனே முதல் வேலை பிளக்கைப் பிடுங்கறது.

வெட்டறப்போ பொருள் அசையக் கூடாது. காலால மிதிச்சுக்கிட்டு வெட்டற பழக்கம் நம்ம பட்டறைகள்ல நிறைய, நீ பழகாதே. வைஸோ சி கிளாம்போ போடு. விழ வேண்டிய துண்டு தாராளமா கீழ விழணும். டியூபோட ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவுல வெட்டினா, முடியற நேரத்துல டியூப் தொய்ஞ்சு வீலைக் கவ்வும், மெஷின் உன் பக்கம் எகிறும். சின்ன மெஷின்ல ஸ்கொயர் டியூபை ஒரேயடியா அமுக்காதே. நாலு பக்கமும் மூலைமட்டம் வெச்சுக் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கமா வெட்டிக்கிட்டு வா, கோணலாகாது. பெரிய மெஷின்ல ஆங்கிளை முதுகு மேல இருக்கற மாதிரி கவுத்து வை. வீல் ஒரு நேரத்துல கொஞ்சம் இரும்பைத்தான் தொடும், வேகமா இறங்கும். எவ்வளவு அமுக்கறதுன்னா, மோட்டார் சத்தம் தணியாத அளவுக்கு. ரொம்பப் பூப்போல தொட்டா வீல் வழுவழுன்னு ஆகி வெட்டாது.

அளவுக்கு ஒரு கணக்கு. பெரிய மெஷின் வீல் 3 மில்லி தடிமன். 20 அடி டியூப்ல 4 அடித் துண்டு அஞ்சு வேணும்னா நாலு வெட்டு, 12 மில்லி பொறியாப் போயிடும். கடைசித் துண்டு கிட்டத்தட்ட அரை இஞ்ச் குறையும். எல்லாக் கோட்டையும் முன்னாடியே போட்டுடாதே, ஒண்ணு வெட்டினதும் அடுத்ததை அள.

உடுப்பு: துப்பட்டா வேண்டாம், பாலியஸ்டர் வேண்டாம், பழைய காட்டன் சட்டை போடு. முடியைக் கொண்டை போடு, தாலிக்கொடியை உள்ளே விடு, வளையலைக் கழட்டு. தொளதொள நூல் கையுறை வீல்ல சுத்திக்கும், கையோட ஒட்டின தோல் கையுறை சரி. காதுக்கு அடைப்பான், மூக்குக்கு மாஸ்க். ஜிஐ பைப் வெட்டினா துத்தநாகப் புகை வரும். மூடின அறையில வெட்டினா ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கும், வெளியில வெச்சு வெட்டு. பவர் கண்ணாடி கண்ணுக்குக் காவல் ஆகாது, பக்கவாட்டும் மூடின காகிள்ஸ் போடு. அப்படியும் தூள் விழுந்துடுச்சா, கசக்காதே. சேலை நுனியால எடுக்கறேன், ஊசியால எடுக்கறேன்னு யார் வந்தாலும் விடாதே. இரும்புத் தூள் கருவிழியிலயே ஒரு நாளுக்குள்ள துருப்பிடிச்சு வளையமாப் படிஞ்சுடும். அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போ.

பொறி பல அடி தூரம் போகும். தின்னர் டப்பா, பழைய துணி, தேங்காய் நார் எதுவும் அந்தத் திசையில வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில பட்டா புள்ளி புள்ளியா உருகி ஒட்டும். வெள்ளை டைல்ஸ்ல விழுந்த தூளைப் பெருக்காம ஈரத்துணி போட்டுத் துடைச்சா, மறுநாள் தரை பூரா காவிப் புள்ளி. முதல்ல காந்தத்தைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி இழு, அப்புறம் பெருக்கு.

மெஷின் விட்டு விட்டு ஓடினாலோ, காத்துத் துளை வழியா உள்ளே நிறையப் பொறி தெரிஞ்சாலோ கார்பன் தேய்ஞ்சிருக்கும். ஜோடியாத்தான் மாத்தணும், சின்னக் காசுதான். அதை விட்டுட்டு ஓட்டினா ஆர்மேச்சர் போகும், அந்தக் காசுக்குப் பாதி மெஷினே வாங்கிடலாம். பில்லையும் கடை சீல் போட்ட வாரண்டி கார்டையும் வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வெச்சுக்கோ, அந்த மெல்லிசு பில் பேப்பர்ல எழுத்து சீக்கிரமே அழிஞ்சுடும்.