புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது: ‘ஓவர்கிளாக்’ உண்மையா என்று பார்ப்பது எப்படி?



நோட்டில் எழுதிய குழுக் கணக்கு ஒவ்வொரு ஊரிலும் கம்ப்யூட்டருக்கு மாறி வருகிறது. கூட்டமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று வேண்டும். டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை போட நினைக்கும் உறுப்பினருக்கு ஒன்று வேண்டும். ஆயிரக்கணக்கில் பணம் போடுகிற பொருள் இது. அந்தப் பணம் ஒருத்தருடையது இல்லை. வாராவாரம் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய சேமிப்பு, அல்லது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

அரிசி வாங்கினால் ஒரு கை அள்ளிப் பார்க்கிறோம். ஆடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். கம்ப்யூட்டரை மட்டும் கடையில் சொன்னதைக் கேட்டு அப்படியே வாங்கி வந்துவிடலாமா?

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்துக்கு விற்பனைக்கோ கூட்டத்துக்கோ வரும்போது, ‘அப்படியே ரிச்சி தெருவுக்கும் போயிட்டு வந்துடலாம்’ என்று தோன்றும். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் சந்தை அது. மயிலாப்பூர், அடையாறு பக்கம் தங்கியிருந்தால் பறக்கும் ரயிலில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடக்கலாம். தி. நகரிலிருந்து அண்ணா சாலை வழியாகப் போகும் பஸ் பிடிக்கலாம்.

அங்கே ஆனாலும் சரி, தி. நகர் ஷோரூம் ஆனாலும் சரி, ஒரு பேச்சு காதில் விழலாம்: “அக்கா, இது ஓவர்கிளாக் பண்ணின மெஷின். சும்மா பறக்கும். 5,000 ரூபாய்தான் கூட!”

அந்த 5,000 ரூபாய் நியாயமானதா என்று நாமே பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் இந்த மாதப் பாடம்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். அதன் வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உள்ளே நாலு, ஆறு என்று கோர்கள் இருக்கும். கோர் என்பது ஒரு வேலையாள் மாதிரி.

இதை நம்ம நடவு வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாள் முழுக்க அலுக்காமல் நடுகிற வேகம் ஒன்று உண்டு. பிராசசரில் இது ‘பேஸ்’ வேகம், அதாவது அடிப்படை வேகம்.

மழை வருகிறது, சீக்கிரம் முடிக்கணும் என்றால் கொஞ்ச நேரம் விறுவிறுவென்று நடுவோம். பிறகு பழைய வேகத்துக்கு வந்துவிடுவோம். பிராசசரில் இது ‘டர்போ’. கம்பெனியே வைத்துக் கொடுத்திருக்கும் வேகம். வேலை வந்தால் தானாக ஏறும், வேலை குறைந்தால் தானாக இறங்கும். இதற்குத் தனியாகக் காசு கிடையாது.

“கம்பெனி சொன்ன அளவெல்லாம் கிடக்கட்டும், அதுக்கும் மேலே ஓடு” என்று ஆள் வைத்து விரட்டினால் அதுதான் ஓவர்கிளாக். மதர்போர்டின் செட்டிங்கில் கை வைத்து இதைச் செய்கிறார்கள்.

குழப்பம் வருவது டர்போவில்தான். பெட்டியிலேயே இருக்கிற டர்போ வேகத்தைக் காட்டி, “நாங்க ஏத்தினது” என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லாரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சொல்கிறவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும் காசு போவது நமக்குத்தான்.

இது பழைய கதைதான்

1990-களில் உலகச் சந்தையில் குறைந்த வேக பிராசசரின் மேல் எழுத்தை அழித்துவிட்டு, கூடுதல் வேக எண்ணை அச்சடித்து விற்ற மோசடி நடந்தது. இன்டெல் கம்பெனி 1990-களின் கடைசியில் வேகத்தை மாற்ற முடியாதபடி உள்ளேயே பூட்டுப் போட ஆரம்பித்தது. பூட்டுப் போட்ட பிறகும் வழி கண்டுபிடித்தார்கள். 1998-ல் வந்த செலரான் 300ஏ என்ற பிராசசரின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டின் ஓட்டத்தை 66-லிருந்து 100 ஆக்கி அதை 450-ல் ஓடவைத்தார்கள். தெரிந்தே செய்தால் அது கெட்டிக்காரத்தனம். சொல்லாமல் செய்து விற்றால் மோசடி.

கடையில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

உறுப்பினர் ஒருவரின் மகளோ மகனோ கம்ப்யூட்டர் தெரிந்தவராக இருந்தால் கூட அழைத்துப் போங்கள். கடைக்குப் போகும் முன்பே, வாங்கப்போகும் மாடலின் அடிப்படை வேகம், அதிகபட்ச டர்போ வேகம் இரண்டையும் கம்பெனியின் இணையதளத்தில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் நம் கையில் இருக்கும் எடைக்கல்.

சோதனை 1: மாடல் எண்ணின் கடைசி எழுத்து.
இன்டெல் டெஸ்க்டாப் பிராசசரில் எண்ணுக்குப் பின்னால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பூட்டு இல்லாதது. ‘கே’ இல்லாவிட்டால் பூட்டியது. பூட்டியதை ஓவர்கிளாக் செய்தேன் என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ‘கே’ இருந்தாலும் மதர்போர்டு ‘இசட்’ வரிசையாக இருக்க வேண்டும். ‘எச்’ வரிசை, ‘பி’ வரிசை போர்டில் பிராசசர் வேகத்தை அப்படி ஏற்ற முடியாது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர்கள் 2017-ல் வந்ததிலிருந்து பெரும்பாலும் பூட்டு இல்லாதவை. ஆனால் ஏ320, ஏ520 போர்டில் போட்டால் ஓவர்கிளாக் செய்ய முடியாது.

சோதனை 2: திரையில் பெயர்.
விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போனால் பிராசசரின் பெயரும் எண்ணும் தெரியும. பில், பெட்டி, திரை மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை 3: வேலை கொடுத்து வேகம் பார்ப்பது.
கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தொட்டால் அந்த நொடியின் வேகம் தெரியும். சும்மா இருக்கும்போது வேகம் குறைவாகத்தான் காட்டும். கரண்டை மிச்சம் பிடிக்கத் தானாக இறங்குகிறது. அதைப் பார்த்து “வேகமே இல்லையே” என்று சண்டை போட வேண்டாம். வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ‘பெஞ்ச்’ பக்கத்தில் ‘ஸ்ட்ரெஸ் சிபியு’ என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாக் கோருக்கும் முழு வேலை கிடைக்கும். இப்போது வேகத்தைப் பாருங்கள். நோட்டில் எழுதி வைத்த அதிகபட்ச டர்போ வேகத்தையும் தாண்டி, எல்லாக் கோரும் நிலையாக நின்றால் அது நிஜமான ஓவர்கிளாக். தாண்டாவிட்டால் அடுத்த இரண்டு சோதனைகளையும் பார்த்து முடிவு சொல்லலாம்.

சோதனை 4: பெருக்கல் கணக்கு.
அதே சிபியு-இசட்டின் முதல் பக்கத்தில் ‘பஸ்’ வேகம், ‘மல்டிப்ளையர்’ என்று இரண்டு எண் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் பிராசசர் வேகம் வரும். பஸ் வேகம் சாதாரணமாக 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மல்டிப்ளையர் 43 என்றால் 100 x 43 = 4,300. அதாவது 4.3 கிகாஹெர்ட்ஸ். பஸ் வேகம் 100-க்கு மேல் நன்றாக ஏறியிருந்தாலும், மல்டிப்ளையர் கம்பெனி அளவைத் தாண்டியிருந்தாலும் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சோதனை 5: பயாஸ் பார்ப்பது.
கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டினால் பயாஸ் என்ற பக்கம் வரும். கடைக்காரரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். பிராசசர் வேகம், வோல்டேஜ் வரிகளில் ‘ஆட்டோ’ என்று இருந்தால் கம்பெனி செட்டிங். எண் போட்டிருந்தால் மாற்றியது.

ஓர் உதாரணம்

இன்டெல் ஐ3-12100 என்ற பிராசசரை எடுத்துக்கொள்வோம். அடிப்படை வேகம் 3.3, அதிகபட்ச டர்போ 4.3 கிகாஹெர்ட்ஸ். ‘கே’ இல்லை, பூட்டியது. கடையில் பேச்சு இப்படிப் போகலாம்:

உறுப்பினர்: தம்பி, ஓவர்கிளாக்னு சொன்னீங்களே, எவ்வளவு ஏத்தியிருக்கீங்க?

கடைக்காரர்: 3.3 தான் அக்கா இது. நாங்க 4.3 வரைக்கும் ஏத்தியிருக்கோம்.

உறுப்பினர்: கம்பெனியே டர்போ 4.3-னு போட்டிருக்காங்களே? இதோ எழுதி வச்சிருக்கேன். அப்ப நீங்க ஏத்தினது எதுங்க?

கடைக்காரர்: அது... எல்லாம் ஒண்ணுதான் அக்கா.

உறுப்பினர்: ஒண்ணுன்னா 5,000 எதுக்குத் தம்பி? இல்ல, ஓவர்கிளாக் பண்ணினதுன்னு பில்லுல எழுதிக் குடுங்க.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஐ5-12600கே என்ற பிராசசரின் அதிகபட்ச டர்போ 4.9. முழு வேலையில் அதன் பெரிய கோர்கள் ஆறும் 5.1-ல் நின்றால் அது உண்மையான ஓவர்கிளாக். கடையில் சொன்னது சரிதான். ஆனால் அது நமக்கு வேண்டுமா?

நமக்கு ஓவர்கிளாக் தேவையா?

வேகத்தை ஏற்ற வோல்டேஜையும் ஏற்றுவார்கள். வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் ஏற்றினால் பிராசசர் எடுக்கும் மின்சாரம் சுமார் 33 சதவீதம் ஏறும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூட, கரண்டும் சூடும் மூன்றில் ஒரு பங்கு கூட! சூடு தாங்காவிட்டால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த எல்லை மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 90 முதல் 100 டிகிரி அளவில் இருக்கும். இல்லாவிட்டால் மெஷின் நின்றுபோகும். பாதி எழுதிய கணக்கும் அதோடு போகும்.

கடையில் ஏ.சி. ஓடும். அங்கே ஐந்து நிமிடம் நன்றாகத்தான் ஓடும். நம்ம ஊர் அலுவலகம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, தகரக் கூரையா? அக்னி நட்சத்திரத்தில் அங்கே ஓட வேண்டாமா? அதனால் கடையில் குறைந்தது அரை மணி நேரம் ஸ்ட்ரெஸ் சோதனையை ஓடவிடுங்கள். எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். ஏ.சி. அறையிலேயே எல்லையைத் தொட்டால் அந்த மெஷின் நம் ஊருக்கு ஆகாது.

வாரண்டியையும் யோசியுங்கள். ஓவர்கிளாக் செய்ததால் பழுது என்றால் பிராசசர் கம்பெனி வாரண்டி தர மறுக்கலாம்.

கணக்கு எழுத, டைப் அடிக்க, விண்ணப்பம் போட ஓவர்கிளாக் வேண்டியதில்லை. அந்த 5,000 ரூபாய்க்கு 8 ஜிபி ரேமை 16 ஆக்கலாமா, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடலாமா என்று கேளுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊராக இருந்தால் ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள். வேலை வேகமாக நடப்பதும், கணக்கு அழியாமல் இருப்பதும் இவற்றால்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டோமே?

பதற வேண்டாம். ஐந்து சோதனைகளையும் வீட்டிலோ அலுவலகத்திலோ செய்யலாம். ஓவர்கிளாக் செய்திருந்து மெஷின் அடிக்கடி நின்றால், பயாஸில் ‘டீஃபால்ட்’ செட்டிங் போட்டுவிட்டால் கம்பெனி வேகத்துக்கு வந்துவிடும். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சென்னையில் வாங்கிய பொருளுக்கும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்ய வாங்கிய உறுப்பினரும் நுகர்வோர்தான்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். “ஜி.எஸ்.டி. பில் இல்லாமன்னா 18 சதவீதம் மிச்சம்” என்று சொன்னால் மயங்காதீர்கள். பில் இல்லாத பொருளுக்கு நியாயம் கேட்பது கஷ்டம். பிராசசர் மாடல், மதர்போர்டு மாடல், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு, வாரண்டி காலம், எல்லாம் பில்லில் வரி வரியாக இருக்கட்டும். ஓவர்கிளாக்குக்குக் காசு வாங்கினால் அதுவும் ஒரு வரியாக வரட்டும். எழுத மறுத்தால் அந்தக் காசையும் கொடுக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. நாம் வாங்கப்போகும் கம்ப்யூட்டரில் என்னென்ன வேலை செய்யப் போகிறோம்? அதற்கு எது முக்கியம்?
2. டர்போவுக்கும் ஓவர்கிளாக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் உறுப்பினர் எழுந்து தன் வார்த்தையில் சொல்லட்டும்.
3. கடைக்குப் போகும் இருவர் யார்? மாடல் எண்ணையும் இரண்டு வேகத்தையும் நோட்டில் எழுதிக் கொடுப்பவர் யார்?
4. “ஐந்து சோதனையும் முடித்து, முழு விவரமுள்ள பில் வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்” என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடலாமா?