மூளையின் மேடும் பள்ளமும்: ஒரு சிறு பாடம்



மருத்துவ உதவி நாடி நம் செயற்குழுவுக்கு வரும் மனுக்களில், வலிப்பு நோயால் துன்புறும் பிள்ளைகளின் மனுக்களும் உண்டு. "ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று எழுதியாயிற்று, மறுபடியும் எதற்குச் செலவு?" என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கும் அறிவியலும் கற்பித்தவன் என்ற முறையில், என் விடையை ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

நமது பெருமூளையின் மேல் 'புறணி' என்னும் சாம்பல் நிறப் படலம் போர்த்தியுள்ளது. அதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதை விரித்தால் ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர் வரும். அதாவது 50 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துணி. அது மேடும் பள்ளமுமாக மடிந்து கிடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்திருக்கிறது.

மண்டையோட்டுக்குள் இடம் போதாமல்தான் மடிகிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால், சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று ஹார்வர்டில் பேராசிரியராக விளங்கும் எல். மகாதேவனும் அவருடைய குழுவினரும் 2016இல் வேறொன்றைக் காட்டினர். கருவின் வழவழப்பான மூளையைப் போல் கூழ்ப்பொருளில் ஓர் உருவம் செய்து, அதன் மேற்படலம் மட்டும் ஊதிப் பெருக்குமாறு திரவத்தில் இட்டனர். மண்டையோடு இல்லாமலே மூளையில் உள்ளவை போன்ற மடிப்புகள் தோன்றின. உள்ளே இருப்பதைவிட மேற்படலம் விரைந்து வளர்வதே மடிப்புக்கு முக்கியக் காரணம் என்பது இதனால் விளங்கும். இந்தப் பருவத்து மூளையைக் கூர்ந்து நோக்க, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி எடுத்த 5,132 படங்களை 2024இல் உலகுக்குத் திறந்து வைத்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். வளைவு என்பது ஒன்றை ஆரத்தால் வகுத்த ஈவு. 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு 0.1, 5 மில்லிமீட்டர் ஆரமானால் 0.2. வட்டம் சிறுக்கச் சிறுக்க வளைவு கூடும். மேற்பரப்பில் ஒரு புள்ளியை எடுத்தால், மிக அதிகமாக வளையும் திசை ஒன்று, மிகக் குறைவாக வளையும் திசை ஒன்று. இரண்டின் சராசரி ஓர் அளவு; இரண்டின் பெருக்கல் மற்றோர் அளவு. பெருக்கலின் சிறப்பை 1827இல் விளக்கியவர் ஜெர்மானிய மேதை காஸ். தேங்காய்ச் சிரட்டை இரு திசையிலும் ஒரே பக்கம் வளைகிறது. பெருக்கல் நேர் எண். மூங்கில் குழாய் ஒரு திசையில் மட்டும் வளைகிறது, பெருக்கல் சுழியம். குதிரைச் சேணம் இரு திசையிலும் எதிரெதிராக வளைகிறது. பெருக்கல் எதிர் எண்.

எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து கணினி புறணியின் மேற்பரப்பைச் சிறு சிறு முக்கோணங்களால் வரைந்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் இந்த வளைவைக் கணக்கிடுகிறது. 'ஃப்ரீசர்ஃபர்' என்ற பெயர்பெற்ற மென்பொருள் பள்ளத்தை நேர் எண்ணாகவும் சிவப்பாகவும், மேட்டை எதிர் எண்ணாகவும் பச்சையாகவும் காட்டும். அந்தச் சிவப்பு நோயின் நிறமன்று. வெறும் பள்ளத்தின் அடையாளம்.

அளப்பது ஒன்று; அளந்ததற்குப் பொருள் சொல்வது வேறொன்று. மேட்டின் உச்சியில் புறணி தடித்தும், பள்ளத்தின் அடியில் மெலிந்தும் இருப்பது இயற்கை. ஆகவே மேட்டை மேட்டோடும் பள்ளத்தைப் பள்ளத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். படம் எடுக்கும்போது பிள்ளை தலையை அசைத்தாலும் அளவு பிழைபடும். மடிப்பு மிகுந்தால் அறிவு மிகும் என்பதும் தவறு. யானைக்கும் டால்பினுக்கும் நம்மைவிட மடிப்பு மிகுதி. ஒரு பிள்ளையின் அறிவை மடிப்பைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

அப்படியானால் பயன் என்ன? மருந்துக்கு அடங்காத சில வலிப்புகளுக்கு, புறணியின் ஒரு சிறு பகுதி கருவிலேயே சரிவர அமையாமல் போனது காரணமாகும். அது பெரும்பாலும் பள்ளத்தின் அடியில் ஒளிந்திருப்பதால், தேர்ந்த கண்ணுக்கும் தப்பிவிடுவதுண்டு. 22 மருத்துவ மையங்கள் சேர்ந்த 'மெல்ட்' என்னும் ஆய்வு, 600க்கும் மேற்பட்ட இத்தகைய நோயாளிகளின் படங்களில் தடிமன், வளைவு, பள்ளத்தின் ஆழம் முதலியவற்றைக் கணினியால் ஆராய்ந்து 2022இல் வெளிவந்தது. எல்லாவற்றையும் அது கண்டுபிடிக்கவில்லை. தவறாகச் சுட்டியதும் உண்டு. ஆயினும் எங்கே மறுபடி பார்ப்பது என்று மருத்துவருக்கு வழிகாட்டியது. இடம் தெரிந்தால், தக்கவர்களுக்கு அறுவை மருத்துவம் கைகொடுக்கும்.

எனவே, "ஒன்றும் இல்லை" என்ற முதல் அறிக்கையே முடிவாகிவிடாது. மருந்து உண்டும் வலிப்பு நிற்கவில்லையெனில், நரம்பியல் வல்லுநர் அந்தப் படத்தை மறுபடி பார்ப்பது வீண் செலவன்று.

தோட்டப்புறங்களில் இந்நோயைக் காற்று, கருப்பு என்று சொல்லிப் பிள்ளையை மறைத்து வைத்த காலம் உண்டு. வலிப்பு வந்தால் கையில் சாவிக் கொத்தைத் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சன்னிதியில் அர்ச்சனையும் செய்வோம். மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். ஒன்றுக்கு மற்றொன்று பகையன்று. தாங்கள் அளிக்கும் ஒவ்வொரு வெள்ளியும், ஒரு பிள்ளை அச்சமின்றி வகுப்பறையில் அமர உதவுமாக.