நுகர்வோர் ட்ரோன்கள்: பறப்புத் தொலைவும் வட்டார அலைவரிசை வரம்புகளும் – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

• பரப்புத் தொலைவு: தொலை இயக்கிக்கும் ட்ரோனுக்கும் இடையே சமிக்ஞை அறுபடாமல் நிற்கும் பெருமத் தூரம். பெட்டியின் மேல் அச்சாகும் எண் இதுவே.
• பறப்புத் தொலைவு: ஒரு முழு மின்னேற்றத்தில் ட்ரோன் கடக்கும் மொத்தத் தூரம். திரும்பி வரும் பாதையும் இதற்குள் அடக்கம்.
• இவ்விரண்டும் வெவ்வேறு அளவுகள். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே இப்பாடத்தின் மிகப் பெரிய பிழை.
• நேர்ப்பார்வை எல்லை: கருவியின் துணையின்றி, இயக்குபவர் ட்ரோனைக் கண்ணால் காணும் தூரம்.
• உண்மைத் தொலைவு = சமிக்ஞை வரம்பு, மின்கல வரம்பு, சட்ட வரம்பு ஆகிய மூன்றில் மிகச் சிறியது.

முதன்மைகள்

• வானொலி அலையால் இயக்கப்பட்ட முதல் படகு: நிக்கோலா டெஸ்லா, 1898, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன்.
• திறன்பேசியால் இயங்கிய முன்னோடி நுகர்வோர் ட்ரோன்: பாரட் ஏ.ஆர்.ட்ரோன், 2010, பிரான்ஸ். வைஃபை இணைப்பு, தொலைவு சுமார் 50 மீ.
• டிஜேஐ நிறுவனம்: 2006, நிறுவனர் ஃபிராங்க் வாங், தலைமையகம் சீனாவின் ஷென்ஜென்.
• டிஜேஐயின் முதல் ஃபாண்டம் ட்ரோன்: 2013.
• ஆக்கூசிங்க் பரப்பு முறை வந்த முதல் மாதிரி: மேவிக் புரோ, 2016.
• 249 கிராம் எடையில் முதல் மேவிக் மினி: 2019. ஜப்பானுக்கெனத் தனியாக 199 கிராம் வடிவம்.

அதிர்வெண் பட்டைகள்

• நுகர்வோர் ட்ரோன்களின் இரு முதன்மைப் பட்டைகள்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ்.
• இரண்டும் தொழில், அறிவியல், மருத்துவப் பட்டைகள். வரையறுத்தது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (தோற்றம் 1865, தலைமையகம் ஜெனீவா).
• 2400–2500 மெகாஹெர்ட்ஸ்: மைய அதிர்வெண் 2450.
• 5725–5875 மெகாஹெர்ட்ஸ்: மைய அதிர்வெண் 5800.
• அலைநீளம்: 2.4-க்கு 12.5 செ.மீ.; 5.8-க்கு சுமார் 5.2 செ.மீ.
• ஒன்றிய வட்டாரங்கள் மூன்று. முதலாவது ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இரண்டாவது அமெரிக்கக் கண்டங்கள், மூன்றாவது ஆசிய–பசிபிக். இந்தியா மூன்றாவது வட்டாரம்.
• 902–928 மெகாஹெர்ட்ஸ்: இரண்டாவது வட்டாரத்துக்கு மட்டுமான பட்டை. அமெரிக்காவில் வாங்கிய இப்பட்டைக் கருவியை ஐரோப்பாவில் அப்படியே இயக்க இயலாமைக்குக் காரணம் இதுவே.
• 2.4: நெடுந்தொலைவு, ஆனால் வைஃபை, புளூடூத் நெரிசல். 5.8: நெரிசல் குறைவு, ஆனால் தடைகளில் எளிதில் தேய்வு.

திறன் அலகு: டிபிஎம்

• டிபிஎம்: 1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட மடக்கை அலகு. 0 டிபிஎம் = 1 மில்லிவாட்.
• 14 டிபிஎம் = 25 மில்லிவாட்.
• 20 டிபிஎம் = 100 மில்லிவாட்.
• 30 டிபிஎம் = 1 வாட்.
• 33 டிபிஎம் = 2 வாட்.
• 36 டிபிஎம் = 4 வாட்.
• 3 டெசிபல் கூடினால் திறன் 2 மடங்கு. 10 டெசிபல் கூடினால் 10 மடங்கு.
• ஈ.ஐ.ஆர்.பி.: பரப்பியின் திறனுடன் ஆண்டெனா ஈட்டம் சேர்த்த மொத்தக் கதிர்வீச்சுத் திறன். பல நாடுகளின் வரம்பு இந்த அளவில்தான்.

வட்டார வரம்புகள்: மனப்பாடப் பகுதி

• எஃப்.சி.சி.: அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், 1934. விதி எண் 15.247. பரப்பித் திறன் 1 வாட், ஆண்டெனா ஈட்டம் 6 டெசிபல். மொத்தம் 36 டிபிஎம்.
• இதே ஆணையம் இப்பட்டைகளைப் பரவல் நிறமாலைக்கு உரிமமின்றித் திறந்த ஆண்டு 1985. வைஃபைக்கும் இன்றைய ட்ரோன் இணைப்புக்கும் விதை அந்த முடிவு.
• சி.இ.: ஐரோப்பிய இணக்கக் குறி. குறி வேறு, வரம்பு வேறு: திறன் வரம்பை வகுப்பது ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் (1988, பிரான்ஸ்).
• ஐரோப்பிய 2.4 தரம்: ஈ.என். 300 328, வரம்பு 20 டிபிஎம்.
• ஐரோப்பிய 5.8 தரம்: ஈ.என். 300 440, வரம்பு 14 டிபிஎம்.
• எஸ்.ஆர்.ஆர்.சி.: சீன அரசின் வானொலி ஒழுங்குமுறை அமைப்பு.
• எம்.ஐ.சி.: ஜப்பானின் உள்விவகார, தகவல்தொடர்பு அமைச்சகம்.
• டிஜேஐ மினி 4 புரோ விவரக்குறிப்பு, 2.4 பட்டை: எஃப்.சி.சி. 33 டிபிஎம்முக்குக் கீழ், சி.இ., எஸ்.ஆர்.ஆர்.சி., எம்.ஐ.சி. மூன்றும் 20 டிபிஎம்முக்குக் கீழ்.
• அதே மாதிரி, 5.8 பட்டை: எஃப்.சி.சி. 33, எஸ்.ஆர்.ஆர்.சி. 30, சி.இ. 14 டிபிஎம்முக்குக் கீழ். ஐரோப்பாவில் இப்பட்டை பெயரளவுக்கே என்பதற்கு இந்த 14 ஒன்றே சான்று.
• வன்பொருள் ஒன்றே. வட்டாரத்தைச் செயற்கைக்கோள் இருப்பிடத்தால் அறிந்து திறனைக் குறைப்பது மென்பொருள்.
• மென்பொருளை ஏமாற்றி ஐரோப்பாவில் எஃப்.சி.சி. திறனில் இயக்குவது வானொலிச் சட்ட மீறல்.

டிஜேஐ மாதிரிகள் ஒப்பீடு (வரிசை: மாதிரி, ஆண்டு, பரப்பு முறை, எஃப்.சி.சி. / சி.இ. தொலைவு)

• மேவிக் புரோ, 2016, ஆக்கூசிங்க்: 7 / 4 கி.மீ.
• மேவிக் மினி, 2019, மேம்பட்ட வைஃபை: 4 / 2 கி.மீ.
• மேவிக் ஏர் 2, 2020, ஆக்கூசிங்க் 2: 10 / 6 கி.மீ.
• மினி 2, 2020, ஆக்கூசிங்க் 2: 10 / 6 கி.மீ.
• ஏர் 2எஸ், 2021, ஓ3: 12 / 8 கி.மீ.
• மேவிக் 3, 2021, ஓ3 பிளஸ்: 15 / 8 கி.மீ.
• மினி 3 புரோ, 2022, ஓ3: 12 / 8 கி.மீ.
• ஏர் 3, 2023, ஓ4: 20 / 10 கி.மீ.
• மினி 4 புரோ, 2023, ஓ4: 20 / 10 கி.மீ.
• மேவிக் 4 புரோ, 2025, ஓ4 பிளஸ்: 30 / 15 கி.மீ.
• தொலைவை முடிவு செய்வது விலையோ எடையோ அல்ல, பரப்பு முறையின் தலைமுறை. 250 கிராமுக்குக் குறைந்த மினி 4 புரோவுக்கும் அதைவிடப் பெரிய ஏர் 3-க்கும் எண் ஒன்றே.
• எல்லா எண்களும் தடையற்ற வெளி, குறுக்கீடு இல்லாமை, ஒருவழிப் பயணம் என்ற நிலையில் அளக்கப்பட்டவை.

குறுக்கீடு: ஓ4 முறை, எஃப்.சி.சி. நிலை

• நகரம், வலுவான குறுக்கீடு: 1.5–4 கி.மீ.
• புறநகர், நடுத்தரக் குறுக்கீடு: 4–10 கி.மீ.
• கடற்கரை, திறந்தவெளி, குறைந்த குறுக்கீடு: 10–20 கி.மீ.
• நகரின் நடுவே 20 கி.மீ. ட்ரோனின் பயன் அதிகபட்சம் 4 கி.மீ.தான். ஒப்பீட்டுக்கு உரிய நேர்மையான எண் நகர எண். விளம்பரம் முன்னிறுத்துவதோ கடற்கரை எண்.

இயற்பியல் காரணங்கள்

• தடையற்ற வெளியில் தூரம் 2 மடங்கானால் இழப்பு 6 டெசிபல் கூடுதல். அதாவது இருமடங்கு தூரத்துக்கு நான்மடங்கு திறன் தேவை.
• 2.4 கிகாஹெர்ட்ஸ் பாதை இழப்பு: 1 கி.மீ.க்கு சுமார் 100 டெசிபல், 10 கி.மீ.க்கு சுமார் 120 டெசிபல்.
• அதே தூரத்தில் 5.8-க்கு கூடுதல் இழப்பு: சுமார் 7.7 டெசிபல்.
• 2.4 பட்டையில் எஃப்.சி.சி.யின் 33-க்கும் சி.இ.யின் 20-க்கும் வேறுபாடு 13 டெசிபல். திறனில் 20 மடங்கு. கோட்பாட்டின்படி தூரத்தில் 4.5 மடங்கு; விவரக்குறிப்பிலோ ஏறத்தாழ 2 மடங்கே.
• ஃபிரெனல் மண்டலம்: நேர்க்கோட்டைச் சுற்றித் தடையின்றி இருக்க வேண்டிய நீள்கோள வெளி. 10 கி.மீ. இணைப்பில் 2.4-க்கு நடு ஆரம் சுமார் 17.7 மீ. மரமும் கட்டடமும் இதற்குள் புகுந்தால், ட்ரோன் கண்ணுக்குத் தெரிந்தாலும் சமிக்ஞை நலிவு.
• 120 மீ. உயரத்தில் வானொலித் தொடுவானம் சுமார் 45 கி.மீ. எனவே சமவெளியில் பூமியின் வளைவு தடையல்ல.

மின்கல வரம்பு: மறக்கப்படும் எண்

• மேவிக் புரோ: மொத்தப் பறப்பு 13 கி.மீ.; போய்த் திரும்ப 6.5. சமிக்ஞை 7.
• மினி 4 புரோ: 34 நிமிடம், 18 கி.மீ.; போய்த் திரும்ப 9. சமிக்ஞை 20.
• மேவிக் 3: 46 நிமிடம், 30 கி.மீ.; போய்த் திரும்ப 15. சமிக்ஞை 15.
• மேவிக் 4 புரோ: 51 நிமிடம், 41 கி.மீ.; போய்த் திரும்ப 20.5. சமிக்ஞை 30.
• மினி 4 புரோவில் சி.இ. வரம்பான 10 கி.மீ.கூட மின்கலத்தின் 9 கி.மீ.யைவிடக் கூடுதல். ஐரோப்பியருக்கு ‘பாதித் தொலைவு’ நட்டமென்ற வாதம் இம்மாதிரிக்குப் பொருந்தாது, மேவிக் 3-க்குப் பொருந்தும் (சி.இ. 8, மின்கலம் 15).
• எதிர்க்காற்றில் எல்லா எண்களும் சுருக்கம்.
• மினி 4 புரோ பிளஸ் மின்கலம்: 45 நிமிடம், 25 கி.மீ. ஆனால் எடை 250 கிராமைத் தாண்டல். சட்ட வகையும் மாற்றம்.

சட்ட வரம்பு

• அமெரிக்கா: கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் (1958). பகுதி 107, நடைமுறை 29 ஆகஸ்ட் 2016. உயரம் 400 அடி, நேர்ப்பார்வை கட்டாயம்.
• ஐரோப்பிய ஒன்றியம்: விதி 2019/947. உயரம் 120 மீ. திறந்த வகையின் உட்பிரிவுகள் ஏ1, ஏ2, ஏ3; நேர்ப்பார்வை கட்டாயம். சி0 வகுப்பு 250 கிராமுக்குக் கீழ், சி1 வகுப்பு 900 கிராமுக்குக் கீழ்.
• ஜப்பான்: 100 கிராம் முதல் பதிவு கட்டாயம், ஜூன் 2022 முதல்.
• கண்ணின் பிரிதிறன் 1 வில்நிமிடம். 25 செ.மீ. ட்ரோன் வெறும் புள்ளியாகும் தூரம் சுமார் 860 மீ. ஆக, 20 கி.மீ. சமிக்ஞையில் சட்டப்படி பயன்படுவது 1 கி.மீ.க்கும் குறைவு. மீதித் திறன் வீணல்ல: அருகிலும் இணைப்பு அறுபடாமைக்கான காப்பு அது.

இந்தியா

• ட்ரோன் விதிகள் 2021: அறிவிக்கை 25 ஆகஸ்ட் 2021.
• எடை வகைகள் ஐந்து: நானோ (250 கிராம் வரை), மைக்ரோ (2 கிலோ வரை), சிறியது (25 கிலோ வரை), நடுத்தரம் (150 கிலோ வரை), பெரியது (150 கிலோவுக்கு மேல்).
• வான்மண்டலங்கள் மூன்று: பச்சை, மஞ்சள், சிவப்பு. தளம்: டிஜிட்டல் ஸ்கை. பச்சை மண்டல உயரம் 400 அடி. விமான நிலைய எல்லையிலிருந்து 8–12 கி.மீ.க்குள் 200 அடி.
• விதிகளின்படி பெரும அபராதம்: 1 இலட்சம் ரூபாய்.
• அலைவரிசைப் பொறுப்பு: கம்பியில்லாத் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு, 1952, தொலைத்தொடர்புத் துறை. சான்று: கருவி வகை ஒப்புதல்.
• 2.4 பட்டை உரிம விலக்கு: 2005, ஈ.ஐ.ஆர்.பி. வரம்பு 4 வாட்.
• 5 கிகாஹெர்ட்ஸ் உரிம விலக்கு: அக்டோபர் 2018, மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், 5725–5875 உட்பட.
• குறைதிறன் பட்டை: 865–868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவின் 902–928 உடன் குழப்பம் கூடாது.
• வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதித் தடை: 9 பிப்ரவரி 2022. விலக்கு: பாதுகாப்பு, ஆய்வு மேம்பாடு. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை.